நாட்பகுதியும் நூல் முழுமையும்: அன்றாடத் திருமறை வாசிப்பு பற்றிய ஒரு திறனாய்வு

நாள்தோறும் திருமறை வாசிக்கவேண்டும் என்னும் அறிவுரை தமிழ்ப் புரோட்டஸ்டண்டுத் திருச்சபையில் பிறந்து வளர்ந்த எவருக்கும் புதியதன்று. ஞாயிறு பள்ளியில் அது கற்பிக்கப்படுகிறது; திடப்படுத்தல் வகுப்பில் நினைவூட்டப்படுகிறது; திருமண ஆராதனையில் மணமக்களுக்கு எடுத்துரைக்கப்படுகிறது. அதனை மறுத்துரைப்பார் எவருமிலர். அதனாலேயே அதனை ஆராய்ந்து பார்ப்பாரும் அரியராயினர். எல்லாரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட ஒன்று, எவராலும் சிந்திக்கப்படாத ஒன்றாகவும் ஆகிவிடுவது உண்டு.

நாள்தோறும் வாசிப்பதன் பயன் யாது? இவ்வினாவுக்கு நம் சபைகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை, அன்றைய நாளுக்கு வேண்டிய ஆறுதலும் பலமும் அதனால் கிடைக்கின்றன என்பதே. இவ்விடை தவறானதன்று, ஆயினும் போதுமானதன்று. நமக்கு ஆறுதல் தருவதை மட்டும் நாடி வாசிப்போமாயின், நாளடைவில் நமக்கு ஆறுதல் தரும் பகுதிகளையே வாசிப்போம். நாம் தேர்ந்துகொள்ளாத ஒரு சொல் நம்மைத் தேடிவந்து நம் முன் நிற்க இடங்கொடுப்பதே அன்றாட வாசிப்பின் தனிப் பயன் என்பது இக்கட்டுரையின் கருத்து. வாசிப்புக்கென வகுக்கப்பட்டுள்ள முறைகள் யாவற்றையும் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

1. திருமறை காட்டும் மூன்று வாசகர்கள்

திருமறையே தன்னை நாள்தோறும் வாசிப்போரைப் பற்றிப் பேசும் இடங்கள் சில உள. அவற்றுள் மூன்றினை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, உபாகமம் 17:18-20. இஸ்ரவேலில் அரசனாகிறவன் நியாயப்பிரமாணத்தின் படியொன்றை எழுதி வைத்துக்கொண்டு, தன் வாழ்நாளெல்லாம் அதனை வாசிக்கவேண்டும் என்று அங்கே கட்டளையிடப்படுகிறது. இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. அரசனின் உள்ளம் தன் சகோதரருக்கு மேலாகத் தன்னை உயர்த்திக்கொள்ளாதிருக்கவேண்டும் என்பதே அது. குதிரைகளையும் மனைவியரையும் பொன் வெள்ளியையும் பெருக்கிக்கொள்ளாதே என்ற எச்சரிப்பு இதற்கு முந்திய வசனங்களில் உள்ளது. ஆக, நாள்தோறும் வாசிக்குமாறு இங்குக் கட்டளை பெறுபவன் துயருற்ற ஏழையல்லன், அதிகாரம் படைத்தவன். அவ்வாசிப்பின் நோக்கமும் அவனைத் தேற்றுவதன்று. அவனுக்கு வரம்பு இடுவதாகும்.

இரண்டாவது, முதலாம் சங்கீதம். இரவும் பகலும் வேதத்தைத் தியானிக்கிறவனை அது பாக்கியவானாகக் காட்டுகிறது. தியானம் என்றவுடன் கண்மூடி மௌனமாக அமர்ந்திருக்கும் ஒருவரையே தமிழ் வாசகர் எண்ணிக்கொள்வர். மூலமொழியில் உள்ள 'ஹாகா' என்னும் வினைச்சொல்லோ ஒலியைக் குறிப்பது. இரையைப் பற்றிக்கொண்ட சிங்கத்தின் உறுமலுக்கு ஏசாயா 31:4இலும், புறாவின் முனகலுக்கு ஏசாயா 38:14இலும் அதே வினைச்சொல் ஆளப்பட்டுள்ளது. எனவே இச்சங்கீதம் காட்டும் மனிதன் வாய்விட்டு முணுமுணுப்பவன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நாவில் புரட்டுகிறவன். கண்ணால் ஓடவிட்டு முடித்துவிடும் வாசிப்பு அவனுடையதன்று.

மூன்றாவது, அப்போஸ்தலர் 17:11. பெரோயா பட்டணத்தார் நாள்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தனர் என்று லூக்கா எழுதுகிறார். அன்றாட வாசிப்பை வலியுறுத்தும் அருளுரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் வசனம் இது. ஆயின் அங்கே வரும் கிரேக்க வினைச்சொல் நீதிமன்றச் சாயல் கொண்டது. தாம் இயேசுவை விசாரித்ததாகப் பிலாத்து கூறும்போது லூக்கா 23:14இல் வருவதும் அதே சொல்லே. பெரோயர் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டு மனமகிழ்ந்து வீடு திரும்பியவர்கள் அல்லர். அவர் சொன்னது மெய்தானா என்று நாள்தோறும் விசாரணை நடத்தியவர்கள். அப்போஸ்தலனையே சோதித்துப் பார்த்த அவர்களை லூக்கா கடிந்துகொள்ளவில்லை. தெசலோனிக்கேயரினும் நற்குணம் உடையோர் என்று பாராட்டுகிறார்.

அரசன், சங்கீதக்காரன் காட்டும் மனிதன், பெரோயா பட்டணத்தார் ஆகிய இம்மூவரிடமிருந்தும் மூன்று இயல்புகள் பெறப்படுகின்றன. வாசிப்பு வாசகனுக்கு வரம்பிடுகிறது. அது நிதானமாக, வாய்விட்டு நிகழ்கிறது. அது விசாரணைத் தன்மை உடையது. திருச்சபை வகுத்துக்கொண்ட வாசிப்பு முறைகள் இவற்றை எந்த அளவுக்குப் பேணியுள்ளன என்பதே அடுத்து எழும் வினா.

2. அட்டவணைகளும் அவற்றின் நோக்கங்களும்

1549ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான பொது ஜெபப் புத்தகத்தின் முன்னுரையில் பேராயர் கிரான்மர் ஒரு குறையை எடுத்துரைத்தார். பண்டைய பிதாக்கள் திருமறை முழுவதும் ஆண்டுதோறும் வாசிக்கப்படுமாறு ஒழுங்கு செய்திருந்தனர். பிற்காலத்திலோ ஏசாயா ஒரு பருவத்திலும் ஆதியாகமம் வேறொரு பருவத்திலும் தொடங்கப்பட்டனவேயன்றி, எந்த நூலும் முடிவுவரை வாசிக்கப்படவில்லை என்பது அவருடைய முறையீடு. இதற்கு மாற்றாக அவர் வகுத்த நாட்காட்டியில் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறையும், வெளிப்படுத்தின விசேஷம் நீங்கலாகப் புதிய ஏற்பாடு மும்முறையும், சங்கீதங்கள் மாதம் ஒருமுறையும் வாசிக்கப்பட்டன. நூலைத் தொடங்கினால் முடித்தல் வேண்டும் என்னும் எளிய கொள்கையே சீர்திருத்தம் அன்றாட வாசிப்புக்கு அளித்த கொடையாகும். இம்முறை தனியறைக்கென்று வகுக்கப்பட்டதன்று. காலையிலும் மாலையிலும் கோயிலில் கூடிவரும் சபைக்கென்று வகுக்கப்பட்டது என்பதும் மறக்கற்பாலதன்று.

ஜெர்மனியில் வேறொரு மரபு தோன்றியது. 1728ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் மாலை, ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் கூடிய மொராவியச் சகோதரருக்குச் சின்சென்டார்ப் பிரபு மறுநாளுக்கான ஒரு வாக்கியத்தை அளித்தார். அது மறுநாள் அவ்வூரின் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. 1731ஆம் ஆண்டு முதல் இவ்வாக்கியங்கள் ஆண்டுதோறும் நூலாக அச்சிடப்பட்டு இன்றுவரை தொடர்கின்றன. பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுக் குலுக்கல் முறையில் எடுக்கப்படுகிறது. அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் தேர்ந்து சேர்க்கப்படுகிறது. இச்சகோதரரின் கூட்டத்தார் சிலர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினர் என்பது நம் மண்ணின் வரலாறு.

இம்முறையில் நிறையும் உண்டு, குறையும் உண்டு. வசனத்தை வாசகன் தேர்ந்துகொள்வதில்லை. அது அவனுக்கு அளிக்கப்படுகிறது. பல நாடுகளிலும் உள்ளோர் அதே நாளில் அதே சொல்லின்கீழ் நிற்கின்றனர். இது நிறை. நூலினின்றும் பிரிந்த ஒற்றை வாக்கியமாகவே அது வருகிறது. இது குறை.

மூன்றாவது முறை ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. டண்டீ நகரில் தூய பேதுரு ஆலயத்தின் குருவாயிருந்த ராபர்ட் மரே மக்ஷேன் 1842இல் தம் சபையாருக்கென ஓர் அட்டவணை தயாரித்தார். நாளொன்றுக்கு நான்கு பகுதிகள். இரண்டு குடும்பமாக வாசிப்பதற்கு, இரண்டு தனியே வாசிப்பதற்கு. ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் நிறைவுறும். அடுத்த ஆண்டே, இருபத்தொன்பது வயதில் அவர் காலமானார். ஆயினும் அவ்வட்டவணை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அதைப் பயன்படுத்துவோருள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. அம்முறையால் விளையக்கூடிய தீங்குகளையும் அவரே வரிசைப்படுத்தியிருந்தார். வெறும் சடங்காகிவிடுதல், வாசித்துவிட்டேன் என்ற தன்னீதி, கருத்தின்றி விரைந்து வாசித்தல், சுமக்கவொண்ணா நுகமாகிவிடுதல் என்பன அவை. தம் கையாலேயே தம் திட்டத்தைத் திறனாய்வு செய்தவர் அவர். அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிப்பை விட்டுவிட்டவர்கள் பின்வந்தோரே. தொடர்ந்து எத்தனை நாள் தவறாமல் வாசித்தோம் என்று எண்ணிக் காட்டிப் பாராட்டும் கைபேசிச் செயலிகள் பெருகிவிட்ட இந்நாளில், தன்னீதியைப் பற்றிய அவ்வெச்சரிப்பு அன்றைவிட இன்று நமக்கு மிகவும் தேவைப்படுகிறது.

திருமறையில் 1189 அதிகாரங்கள் உள்ளன. நாள்தோறும் மூன்று, ஞாயிறுதோறும் ஐந்து என வாசித்தால் ஓராண்டில் முடிந்துவிடும். கணக்கு எளியது. ஆயினும் லேவியராகமத்தின் காணிக்கைச் சட்டங்களையும் ரோமர் எட்டாம் அதிகாரத்தையும் ஒரே வேகத்தில் கடப்பது வாசிப்பாகுமா? முதலாம் சங்கீதம் காட்டும் முணுமுணுப்புக்கு இவ்வேகத்தில் இடமில்லை. 1879இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஸ்கிரிப்சர் யூனியன் இயக்கம் இடைவழியொன்றைக் கண்டது எனலாம். ஒரு நூலை எடுத்துச் சிறு பகுதிகளாகத் தொடர்ந்து வாசித்து, முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்வது அதன் வழி. முழுமைக்கும் நிதானத்திற்கும் ஒருங்கே இடமளிப்பதால், குடும்பங்களுக்கு இதுவே ஏற்றதென்பது எம் துணிபு.

ஞாயிறு ஆராதனையின் பாடங்கள் போதாவோ எனச் சிலர் வினவலாம். போதா. பல சபைகளும் பின்பற்றும் 1992ஆம் ஆண்டுத் திருத்தப்பட்ட பொது வாசக அட்டவணையின் மூன்றாண்டுச் சுற்றில், நியாயாதிபதிகள் நூலினின்று ஒரேயொரு பகுதியே, அதாவது நான்காம் அதிகாரத்தின் தொடக்கமே, ஞாயிறு பாடமாக வருகிறது. ஒபதியா, நாகூம் ஆகியவை இடம்பெறவேயில்லை. நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தில், லேவியனோடிருந்த பெண் இரவெல்லாம் வன்கொடுமைக்கு ஆளாகி விடியற்காலையில் வாசற்படியில் விழுந்துகிடக்கும் காட்சி, ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்லும் ஒருவர் காதில் வாழ்நாள் முழுவதும் விழாமலே போகலாம். அப்பெண்ணைப்போல் வாசற்படியில் விழுந்துகிடப்போர் நம் ஊர்களிலும் உளர். அவர்களைப் பற்றித் திருமறை மௌனமாயில்லை என்று சபை அறிந்துகொள்ளும் வழி, நூலைத் தொடர்ந்து வாசிக்கும் அன்றாட வாசிப்பேயாகும்.

3. பேழையிலிருந்து எடுத்த வசனம்

மேற்கூறிய முறைகள் யாவினும் இன்று நம்மிடையே செல்வாக்குப் பெற்றிருப்பது வேறொன்று. அது வாக்குத்தத்த வசனம். புத்தாண்டு இரவு ஆராதனையின் முடிவில் வாக்குத்தத்த அட்டை வழங்காத சபை அரிது. வீடுகளில் வாக்குத்தத்தப் பெட்டிகள் இருந்தன. இன்று அவற்றின் இடத்தில் காலைதோறும் கைபேசிக்கு வந்துசேரும் வசனப் படங்கள் உள்ளன. இப்பழக்கம் நம் நாட்டில் தோன்றியதன்று. ஜெர்மானியப் பக்தி இயக்கத்தைச் சார்ந்த போகாட்ஸ்கி 1718இல் வெளியிட்ட நாள்வசன நூலின் பெயரே பொற்பேழை என்று பொருள்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பர்ஜன் தம் வாக்குத்தத்தத் தொகுப்புக்கு விசுவாச வங்கியின் காசோலைப் புத்தகம் என்னும் கருத்துடைய பெயரைச் சூட்டினார். அப்பெரியாரின் பக்தியை ஐயுறுவதற்கில்லை. எனினும் இவ்வுருவகம் ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. காசோலை என்பது நாம் வேண்டியபோது மாற்றிக்கொள்வது. அதன் மறுபக்கத்தில் யார் இருக்கிறார், அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்னும் வினா அங்கே எழுவதில்லை.

இத்தகைய அட்டைகளில் மிகுதியாகக் காணப்படும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். கர்த்தர் தம் மக்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணங்கள் தீமைக்கானவையல்ல, சமாதானத்திற்கானவை என்னும் வாக்கு அது. தேர்வெழுதும் மாணவனும், வேலை தேடும் இளைஞனும், பிணியுற்றோரும் இதனைத் தமக்கென ஏற்றுக்கொள்கின்றனர். இது ஒரு கடிதத்தின் நடுவே உள்ள வாக்கியம். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது.

அக்கடிதம் வாசகரிடம் கேட்பது என்ன? அந்நிய நாட்டில் வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் நட்டுப் பலனை உண்ணுங்கள். உங்களைச் சிறைப்படுத்திய அந்த நகரத்தின் நலத்தையே தேடி, அதற்காக மன்றாடுங்கள் என்று கேட்கிறது. பகைவனின் ஊருக்காக ஜெபிக்கச் சொல்லும் இக்கட்டளை எந்த அட்டையிலும் அச்சிடப்படுவதில்லை. 11ஆம் வசனத்திற்கு நேர் முன்னதாக மீட்புக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்று கூறப்பட்டுள்ளது. எனவே அக்கடிதத்தை முதலில் கேட்டவருள் பெரும்பாலார் அவ்வாக்கு நிறைவேறுவதைத் தம் கண்ணால் காணப்போவதில்லை. அது அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது. இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி இரண்டே ஆண்டில் விடுதலை என்று உரைக்கிறான். மக்கள் விரும்பிய வாக்குத்தத்தம் அவனுடையதே. மெய்யான வாக்கோ எரேமியாவினுடையது. ஒற்றை அட்டையில் அச்சிட்டு இவ்வாண்டே நிறைவேறும் என்று பிரசங்கிக்கும்போது, எரேமியாவின் சொல்லை அனனியாவின் வாயில் வைத்துவிடுகிறோம். நூலினின்று வெட்டி எடுத்தமையால் நேரும் பிழை இது.

இங்கே தமிழ்மொழிக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. அவ்வசனத்தில் வரும் 'உங்கள்' என்னும் சொல் பன்மை. சிறைப்பட்ட சமுதாயம் முழுவதையும் குறிப்பது. நம் வழக்கிலோ 'உங்கள்' என்பது ஒருவரை மரியாதையோடு விளிக்கும் சொல்லுமாகும். ஆகவே அட்டையைக் கையில் பெறும் தமிழர் கடவுள் தம்மை மரியாதைப் பன்மையில் அழைத்து, தமக்கு மட்டும் பேசுவதாகக் கொள்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் கடவுள் தனி ஒருவரிடம் பேசும்போது 'நீ' என்றே பேசுகிறார் என்பதை நினைவிற்கொண்டால் இம்மயக்கம் நீங்கும். தொடர்ந்து வாசிப்போர் இவ்வழக்கைத் தாமே உணர்ந்துகொள்வர். அட்டையை மட்டும் காண்போர்க்கு அவ்வாய்ப்பில்லை.

4. ஒற்றை வசனத்திற்கும் ஓர் இடம்

அவ்வாறாயின் தனி வசனத்தைப் பற்றிக்கொள்வது முற்றிலும் தவறோ என்ற வினா நியாயமாகவே எழும். இதற்கு விடை காண ஒருவருடைய வாழ்வு துணைபுரிகிறது.

டீட்ரிக் போன்ஹோபர் 1935 முதல் பின்கன்வால்டு என்னும் இடத்தில், நாசி ஆட்சிக்கு இணங்க மறுத்த அறிக்கையிடும் திருச்சபைக்காகக் குருமாணவர்களைப் பயிற்றுவித்தார். 1937இல் அக்கல்லூரி காவல்துறையால் மூடப்பட்டது. அங்குப் பெற்ற அனுபவத்தினின்று எழுந்த அவருடைய கூட்டுவாழ்வு பற்றிய நூல் 1939இல் வெளியாயிற்று. மொராவியரின் நாள்வசனங்களை அவர் பெரிதும் மதித்தவர். திருச்சபைப் போராட்டத்தில் அவை பலருக்கு ஊன்றுகோலாயிருந்தன என்பதை அறிந்தவர். எனினும் நாள்வசனம் திருமறை வாசிப்புக்கு ஈடாகாது என்று அந்நூலில் உறுதிபடக் கூறினார். குடும்பமாகக் கூடுவோர் காலையிலும் மாலையிலும் பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும் புதிய ஏற்பாட்டில் அரை அதிகாரமேனும் தொடர்ச்சியாக வாசிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வாறு வாசிக்கும்போது கடவுள் நம் வாழ்வில் எங்கே பங்குபெறுகிறார் என்று தேடுவதை விட்டு, அவர் இஸ்ரவேலிலும் கிறிஸ்துவிலும் ஆற்றிய செயலுக்குள் நாம் பங்காளராக இழுக்கப்படுகிறோம் என்று அவர் விளக்கினார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் அவர் நியூயார்க்கில் இருந்தார். போர் மூளும் நிலையில் அவரைக் காப்பாற்ற எண்ணிய நண்பர்கள் அங்கே பணி ஏற்பாடு செய்திருந்தனர். 26ஆம் நாள் அவர் வாசிக்க நேர்ந்தது, மாரிகாலத்துக்குமுன் தன்னிடம் வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவை வேண்டிக்கொள்ளும் வசனம் (2 தீமோத்தேயு 4:21). இதனைத் தமக்கே சொல்லப்பட்டதாகக் கொள்வது திருமறையைத் தவறாகக் கையாள்வதாகாது என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஜூலை மாதம் ஜெர்மனி திரும்பினார். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

இந்நிகழ்ச்சி தனி வசனத்தின் ஆற்றலுக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அது சரியே, ஆயினும் மூன்று செய்திகளைக் கருதுதல் வேண்டும். முதலாவது, தாயகம் திரும்பும் முடிவை அவர் ஆறு நாட்களுக்கு முன்னரே, 20ஆம் தேதியன்று, தம்மை அழைத்தவரிடம் தெரிவித்துவிட்டார். வசனம் சீட்டுப்போல் முடிவைத் தந்ததன்று. மனச்சான்றின் போராட்டத்தில் எடுத்த முடிவை உறுதிப்படுத்தியது. இரண்டாவது, தமக்குச் சொல்லப்பட்டதாகக் கொள்ளலாமா, இது தவறான கையாளுகையா என்று அவர் தம்மையே விசாரித்துக்கொண்டார். பெரோயரின் இயல்பு இதுவே. மூன்றாவது, அச்சொல் அவரை அழைத்தது பாதுகாப்பினின்று ஆபத்துக்கு. தான் விரும்பிய ஆசிக்கு முத்திரையிடும் வசனத்தைத் தேடுவோருக்கும் அவருக்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்கும். நூல் முழுவதையும் ஆண்டுக்கணக்கில் வாசித்துப் பழகிய ஒருவருக்குத்தான் ஒற்றை வசனம் இவ்வாறு பேசமுடியும். சிறைப்பட்ட பவுல், கைவிட்டுப்போன தோழர்கள், நெருங்கிவரும் முடிவு ஆகிய அந்நிருபத்தின் உலகமெல்லாம் அச்சிறு வேண்டுகோளுக்குப் பின்னால் அவருக்குத் தெரிந்திருந்தது.

5. வாசித்தும் கேளாமை

இதுவரை கூறியதைக் கொண்டு, முழுமையாக வாசித்தாலே போதும் என்று முடிவு கட்டிவிடல் ஆகாது. நம் திருச்சபையின் வரலாறே அதற்குத் தடையாக நிற்கிறது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டுத் தந்தார். இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் அவர் மறைந்தார். எஞ்சியதைப் பின்வந்தோர் முடித்தனர். 1772இல் பப்ரிசியுஸின் புதிய ஏற்பாடு வந்தது. ஆக, 1833ஆம் ஆண்டில் தமிழ்ச் சபையார் நூறாண்டுக்கு மேலாகப் புதிய ஏற்பாட்டைத் தம் மொழியில் பெற்றிருந்தனர். அவ்வாண்டு கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் நிலவிய சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப்படவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். ஆலயத்தில் அமரும் இடத்திலும், திருவிருந்துக்கு வரும் வரிசையிலும் கூட அவ்வேற்றுமை பேணப்பட்டு வந்தது. ஆணையைக் கேட்ட தஞ்சாவூர், வேப்பேரி சபையார் பலர் மனந்திருந்தவில்லை. ஆராதனையை விட்டு விலகினர்.

அவர்கள் திருமறையை அறியாதவர்கள் அல்லர். யூதனென்றும் கிரேக்கனென்றும் வேற்றுமையில்லை என்னும் கலாத்தியர் நிருபத்தின் சாட்சியம் அவர்கள் வீட்டிலேயே இருந்தது. வாசித்தனர், ஆயினும் அது தம்மை விசாரிக்க இடங்கொடுக்கவில்லை. உபாகமம் கண்ட அரசனின் இடத்தில் தாமே அமர்ந்திருக்கிறோம், சகோதரருக்கு மேலாக உள்ளத்தை உயர்த்தியவர்கள் தாமே என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும், மணமகன் மணமகள் தேவை விளம்பரங்களில் கிறிஸ்தவம் என்ற சொல்லுக்கு அடுத்தாற்போல் சாதிப்பெயர் நிற்கிறதெனில், அவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை. அவ்விளம்பரத்தைக் கொடுக்கும் இல்லங்களுள் பலவற்றில் குடும்ப ஜெபம் தவறாமல் நடைபெறுகிறது.

இதற்குக் காரணம் யாது? தனித்து வாசிக்கும்போது நாம் நம்மையே மீண்டும் மீண்டும் வாசித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. எந்தப் பாத்திரத்தில் நம்மை வைத்துக்கொள்வது என்பதை நாமே தீர்மானித்துவிடுகிறோம். ஆமோஸை வாசிக்கும் நிலவுடைமையாளர் தம்மை ஆமோஸாகவே காண்கிறார். ஏழையைச் செருப்புக்கு விற்றவனாகத் தம்மைக் காண்பதில்லை. அவருடைய வயலில் வேலை செய்யும் தொழிலாளி பக்கத்தில் அமர்ந்து, அதே பகுதியை அதே நேரத்தில் கேட்டு, தான் கேட்டதைச் சொல்லுவாராயின் அவ்வாசிப்பு வேறாகிவிடும். நாம் தேர்ந்துகொள்ளாத பகுதியை வாசிப்பது எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவுக்கு நாம் தேர்ந்துகொள்ளாத அயலாரோடு வாசிப்பதும் இன்றியமையாதது.

எழுத்தறியாதாரை நாம் எண்ணிப்பார்க்கவேண்டியதும் இங்கேதான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80.09, பெண்களில் 73.44. அதாவது அன்று பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் எழுத்தறியாதவர். நாள்தோறும் வாசியுங்கள் என்னும் அறிவுரை அவர்களை எட்டாது போயிற்று. திருமறையோ வாசிப்பை என்றும் கேட்டலோடு இணைத்தே பேசுகிறது. நியாயப்பிரமாணம் ஆண், பெண், பிள்ளைகள், அந்நியர் அனைவர் முன்பும் வாசிக்கப்படவேண்டும் என்பது உபாகமம் 31ஆம் அதிகாரத்தின் கட்டளை. ஒருவர் வாய்விட்டு வாசிக்க, வீட்டிலுள்ளோர் கேட்டுப் பேசிக்கொள்ளும் பழக்கம் தனியறை வாசிப்பினும் பழைமையானது. அது எழுத்தறியாத பாட்டியையும் வாசிப்பில் பங்குடையவராக்குகிறது.

6. செய்யத்தக்கன

மேற்கண்டவற்றினின்று சில முடிவுகள் பெறப்படும். புத்தாண்டு அட்டையை ஒரே நாளில் ஒழித்துவிட முயலவேண்டியதில்லை. அவ்வசனம் அமைந்துள்ள நூல் முழுவதையும் அவ்வாண்டில் சபையாக வாசிப்பதென முடிவு செய்தால், அட்டை வாசலாகிவிடும். எரேமியா 29:11ஐப் பெற்றவர் எரேமியாவின் ஐம்பத்திரண்டு அதிகாரங்களையும், வாரத்துக்கு ஒன்றாக, அவ்வாண்டிலேயே வாசித்து முடிக்கலாம்.

குடும்ப ஜெபத்தில் குறைந்த அளவைத் தொடர்ச்சியாக, வாய்விட்டு வாசிப்பது நன்று. வாசித்து முடித்தவுடன் ஜெபத்துக்கு விரையாமல், இதில் நமக்குப் பிடிக்காதது எது என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் அதற்கு உண்மையான விடை கூறுவர். கடினமான பகுதிகள் வரும்போது அவற்றைத் தாண்டிச் செல்லாமல் ஆயரிடம் கொண்டுவரும் உரிமை சபையாருக்கு உண்டு. அவற்றை ஏற்றுப் பதிலளிக்கும் கடமை ஆயருக்கு உண்டு.

இறையியற் கல்லூரிகளில் பயில்வோருக்கும் பயிற்றுவோருக்கும் இது பொருந்தும். நாம் தேர்வுக்காகவும் அருளுரைக்காகவும் திருமறையை நாள்தோறும் கையில் எடுக்கிறோம். பிறருக்கு என்ன சொல்லலாம் என்று தேடி வாசிக்கும் வாசிப்பில், நமக்குச் சொல்லப்படுவது காதில் விழுவதில்லை. மூலமொழி அறிவும் ஆய்வுமுறைகளும் நம்மை விசாரிப்பவர்களாக ஆக்கியுள்ளன. அது பெரோயரின் வழியாதலின் நல்லதே. ஆனால் விசாரிப்பவன் விசாரிக்கப்படவும் வேண்டும். அதற்கென நாளில் ஒரு நேரம், எந்தப் பயனையும் கருதாமல், அன்று வரும் பகுதி எதுவாயினும் அதன்முன் அமர்தல் வேண்டும்.

நாள்தோறும் என்னும் சொல்லின் பொருளும் இதுவே. ஒருநாள் வாசிப்பு நம்மை மாற்றிவிடுவதில்லை. நமக்கு ஏற்ற பகுதிகள் ஒருநாள் தீர்ந்துபோகும். அதன்பின்னும் வாசிப்பை நிறுத்தாதிருந்தால், நமக்கு ஏலாத பகுதி வந்தே தீரும். அன்று நூலை மூடிவிடாமல் மறுநாளும் திறப்பவரிடத்திலேயே அன்றாட வாசிப்பு தன் வேலையைத் தொடங்குகிறது.